கோதுமைத் துரு நோயை முன்கூட்டி அறிதல்: நீலகிரி முதல் நருமதைச் சமவெளி வரை ஒரு கண்காணிப்பு முறையின் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பயிர் நோயை முன்கூட்டி அறிவது என்பது வயலைக் கூர்மையான கருவிகளால் உற்று நோக்குவதே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கோதுமைத் துரு நோய் குறித்து இந்தியாவில் நிகழ்ந்த ஆய்வுகள் வேறொன்றை உணர்த்துகின்றன. நோய் எங்கே கோடையைக் கழிக்கிறது, எவ்வழியாக வருகிறது என்பன தெரிந்த பின்னரே எதைக் கொண்டு பார்ப்பது என்ற வினா பொருள் பெறுகிறது. கரம் சந்த் மேத்தாவின் ஆய்வு தொடங்கி 2016இல் வங்கதேசத்தில் தோன்றிய கோதுமைக் குலை நோய் வரையிலான செய்திகளைக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கோதுமை, துரு நோய், பூசண வித்து, நீலகிரி, கண்காணிப்புப் பாத்தி, நோய்ப் பரவல்

முன்னுரை

தமிழகம் கோதுமை விளையும் நாடன்று. எனினும் இந்தியக் கோதுமையின் நோய் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் நீலகிரி, பழனி மலைகளைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது. மலைச்சரிவுகளில் சிறுசிறு துண்டுகளாக விளைந்த கோதுமையில் உயிர் தரித்திருந்த ஒரு பூசணம், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் வடக்கே உள்ள நருமதைச் சமவெளியின் விளைச்சலைத் தீர்மானிக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. 1946-47ஆம் பருவத்தில் நடு இந்தியாவில் தண்டுத் துரு பெரும்பரவலாக மாறி, நாடு உணவுத் தட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் கோதுமையை அழித்தது. இவ்வகை அழிவை முன்கூட்டி அறியும் முயற்சி எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், அம்முறையின் வலிமையும் எல்லையும் எவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

துருவின் இயல்பு

கோதுமையைத் தாக்கும் துரு நோய்கள் மூன்று. தண்டுத் துருவை (கருந்துரு) பக்சீனியா கிராமினிஸ் என்னும் பூசணமும், இலைத் துருவை (பழுப்புத் துரு) பக்சீனியா டிரிடிசினாவும், மஞ்சள் துருவை பக்சீனியா ஸ்ட்ரைஃபார்மிஸும் உண்டாக்குகின்றன. மூன்றும் உயிருள்ள செடியை மட்டுமே உண்டு வாழ்பவை. மட்கிய தாளிலோ மண்ணிலோ வளர்வதில்லை. ஆகவே ஓர் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் பூசணம் எங்கோ ஓரிடத்தில் பச்சைப் பயிரில் தங்கியாக வேண்டும். மூன்றும் விரும்பும் வெப்பநிலை வேறு: மஞ்சள் துரு குளிரையும், இலைத் துரு மிதமான நிலையையும், தண்டுத் துரு ஓரளவு வெம்மையையும் நாடும். பரவலின் நிலப்படம் பெரிதும் இவ்வேறுபாட்டால் அமைவது.

தொற்று நிகழ இலை மேல் ஈரம் வேண்டும். பனி படிந்த இரவில் முளைத்த பூசண வித்து இலைத்துளை வழியே உட்புகுந்தபின், சாதகமான வெப்பநிலையில் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் கொப்புளமாக வெடிக்கிறது. அதுவரை இலை நலமுள்ளதாகவே தோன்றும். வெடித்த கொப்புளம் ஒவ்வொன்றும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான வித்துகளை உதிர்க்கிறது.

மேத்தாவின் வினா

தண்டுத் துருவுக்கும் பார்பெரிச் செடிக்கும் உள்ள தொடர்பை 1865இல் அன்டன் டி பாரி செய்முறையால் நிறுவினார். பூசணம் தன் வாழ்க்கைச் சுழலின் ஒரு பகுதியைப் பார்பெரியில் கழிக்கிறது என்பதே அவர் கண்டது. இதன் அடிப்படையில் அமெரிக்கா 1918 முதல் பார்பெரிச் செடிகளை இலட்சக்கணக்கில் வேரோடு களைந்தது. இமயமலையிலும் பார்பெரி உண்டு. நீலகிரியிலும் அதன் இனம் ஒன்று காடுகளில் வளர்கிறது. எனவே இந்தியாவிலும் அச்செடியே நோயின் உறைவிடம் என்று கருதுவது இயல்பாக இருந்தது.

ஆக்ராக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கரம் சந்த் மேத்தா 1920களில் தொடங்கிய ஆய்வு இக்கருத்தை ஏற்கவில்லை. மேத்தா கேட்ட வினா எளியது: மே, சூன் திங்கள்களில் சமவெளியின் வெயில் 40 பாகையைக் கடந்து செல்லும்போது பூசணம் எங்கே இருக்கிறது? அறுவடைக்குப்பின் சமவெளியில் தங்கிய வித்துகள் அவ்வெப்பத்தில் முளைக்கும் திறனை இழந்துவிடுவதை அவர் காட்டினார். இமயமலைப் பார்பெரியில் காணப்பட்ட துரு கோதுமை நோய்க்குத் தொடர்பற்றது என்பதும் தெளிவாயிற்று. எஞ்சியவை மலைகள். கோடையிலும் பயிரோ தானே முளைத்த செடியோ பசுமையாக நிற்கும் குளிர்ந்த மலைகளில் பூசணம் தங்கி, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தை ஒட்டிச் சமவெளிக்கு இறங்குகிறது என்பது மேத்தாவின் முடிபு. தண்டுத் துருவுக்கு நீலகிரியும் பழனி மலையும் முதன்மை உறைவிடங்கள். மஞ்சள் துருவுக்கு இமயம். இலைத் துருவுக்கு இரு திசை மலைகளும். 1940இல் வெளியான அவரது ஆய்வு நூல் இச்செய்திகளைத் தொகுத்தளித்தது.

நோயை அதன் உறைவிடத்திலேயே ஒடுக்கலாம் என்றும் மேத்தா கருதினார். மலைகளில் பருவம் தவறிய கோதுமைச் சாகுபடியைக் கைவிடுவதும், தானே முளைத்த செடிகளை அழிப்பதும் அவர் கூறிய வழிகள். அறிவியல் நோக்கில் இதில் குறை காண இயலாது. ஆனால் சமவெளி உழவரின் இழப்பைத் தடுக்க மலை உழவர் தம் விளைச்சலை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் இதனுள் அடங்கியுள்ளது. பயன் ஓரிடத்தார்க்கும் சுமை வேறிடத்தார்க்கும் ஆகும் இந்நிலையை நோயியல் நூல்கள் பெரும்பாலும் பேசாமலே கடந்து செல்கின்றன. எதிர்ப்புத்திறன் கொண்ட கோதுமை வகைகளை மலையிலேயே பயிரிடச் செய்வது இச்சிக்கலுக்கு நல்லதொரு மாற்று. குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் துரு எதிர்ப்பு வகைகளை உருவாக்கி வருவதை இப்பின்னணியில் வைத்து நோக்க வேண்டும். அங்கு ஆண்டு முழுவதும் துரு நிலவுவதால், எதிர்ப்புத்திறனைச் சோதிக்க அதனினும் பொருத்தமான களம் அமைவது அரிது.

காற்றும் மழையும்

மலையில் நோய் இருப்பது மட்டும் தெரிந்தால் போதாது. எந்த ஆண்டு அது வடக்கே சென்றடையும் என்பது தெரிய வேண்டும். 1975இல் எஸ். நாகராஜனும் சிங்கும் 'இந்தியத் தண்டுத் துரு விதிகள்' என்ற பெயரில் இதற்கான வானிலை அமைவுகளை வரையறுத்தனர். கிழக்கு நெடுங்கோடு 65 முதல் 85 பாகைக்கும் வடக்கு அகலாங்கு 10 முதல் 15 பாகைக்கும் இடையே வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ தோன்றும் புயல் நடு இந்தியாவில் சென்று வலுவிழத்தல், தென்னிந்தியாவின் நடுப்பகுதியில் உயர் அழுத்தப் பகுதி நிலைகொண்டிருத்தல், மேற்கிலிருந்து நகரும் வானிலைக் கலக்கத்தால் உண்டாகும் தாழ்வழுத்தப் பள்ளம் தெற்கு வரை நீளுதல் என்பன அவர்கள் சுட்டியவை. காற்று வித்துகளைச் சுமந்து செல்லும். ஆயினும் அவற்றைப் பயிர் மேல் இறக்குவது மழையே. நடு இந்தியாவில் மழை பெய்யாவிடில் வித்துகள் மேலே கடந்து போய்விடும்.

தமிழகக் கடற்கரையில் மக்கள் அச்சத்தோடு எதிர்நோக்கும் ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் நருமதைக் கரைக் கோதுமைக்கும் செய்தி சுமந்து செல்பவை என்பது வியப்பளிக்கும். 1970களில் செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்களைக் கொண்டு இப்பயணங்களை நாகராஜனும் அவர்தம் குழுவினரும் பின்தொடர்ந்தனர். மழைநீரைச் சேகரித்து வடிகட்டி, நுண்ணோக்கியால் அதில் துரு வித்துகள் உள்ளனவா என்றும் சோதித்தனர். மழைநீரில் வித்து காணப்பட்ட நாளுக்கும் வயலில் முதற்கொப்புளம் வெடிக்கும் நாளுக்கும் இடையே உள்ள இடைவெளியே உழவருக்குக் கிடைக்கும் முன்னறிவிப்புக் காலம். இங்கே செயற்கைக்கோள் பார்த்தது பயிரை அன்று, மேகத்தை. இவ்வேறுபாடு அடுத்த பகுதிக்கு இன்றியமையாதது.

தண்டுத் துரு ஏன் பஞ்சாபை அதே அளவில் தாக்கவில்லை என்ற வினாவுக்கும் இதில் விடை உண்டு. தெற்கிலிருந்து வித்து வந்து சேரும் மார்கழி, தை மாதங்களில் வடமேற்குச் சமவெளி இந்நோய்க்கு மிகக் குளிர்ந்தது. வெப்பம் உயரும்போது பயிர் முதிர்ச்சியை நெருங்கிவிடும். நடு இந்தியாவிலும் தீபகற்பத்திலும் அத்தகைய குளிர்த்தடை இல்லை.

எத்தனை செடிகளைப் பார்ப்பது?

துரு போன்ற நோயின் பெருக்கம் தொடக்கத்தில் கூட்டுவட்டியைப் போன்றது என 1963இல் வான் டெர் பிளாங்க் விளக்கினார். பெருக்க வீதம் நாளொன்றுக்கு 0.3 எனக் கொண்டு ஒரு கணக்கைப் பார்க்கலாம். இலைப்பரப்பில் இலட்சத்தில் ஒரு பங்காக இருக்கும் நோய் நூற்றில் ஒரு பங்காக உயர 23 நாள்கள் ஆகின்றன. அங்கிருந்து சரிபாதியை எட்ட 15 நாள்களே போதும். அதாவது வரப்பில் நின்று காண்பவர் கண்ணில் நோய் படும் நேரத்தில் அதன் ஆயுளில் பெரும்பகுதி கழிந்திருக்கும். உழவர் நோயைத் தாமதமாகக் கண்டார் என்று கூறுவதைவிட, அது தாமதமாகவே காணத்தக்கது என்று கூறுவது பொருந்தும்.

அப்படியாயின் கூர்ந்து தேடினால் என்ன? இங்கே புள்ளியியல் குறுக்கிடுகிறது. செடிகளில் ஆயிரத்தில் ஒன்று நோயுற்றிருக்கும் வயலில், அவ்வொன்றையேனும் காண்போம் என்று 95 விழுக்காடு உறுதி கொள்ள ஏறத்தாழ 3,000 செடிகளைத் தற்போக்கில் தேர்ந்து சோதிக்க வேண்டும். இலட்சத்தில் ஒன்று என்றால் மூன்று இலட்சம் செடிகள். நோய் திட்டுத்திட்டாக அமையுமாதலால் நடைமுறையில் இவ்வெண் மேலும் கூடும். இதனை எந்த ஆய்வுக் குழுவும் நடந்து முடிக்க இயலாது.

வானிலிருந்து பார்ப்பதும் இத்தடையை முற்றும் நீக்கவில்லை. சென்டினல் 2 செயற்கைக்கோளின் நுண்மையான படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர் நிலத்தைக் குறிக்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள நோய்த் திட்டு அப்புள்ளியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அம்மாற்றம் மண்ணின் ஈரத்தாலோ தழைச்சத்துக் குறைவாலோ நேரும் நிற வேறுபாட்டில் கரைந்துவிடும். ஆளில்லா வானூர்தி அண்மையில் பறந்து படமெடுப்பதால் நிலைமை சற்று மேம்படும். எனினும் கொப்புளம் வெடிக்காத இலையின் உள்ளே நிகழ்வதை வயல் அளவில் நம்பத்தக்க முறையில் அறிவது இன்னும் கடினமே. படப்பகுப்பாய்வின் துல்லியம் பற்றி அண்மையில் வெளிவரும் ஆய்வுகள் பலவற்றில் நோய் முற்றிய இலைகளின் படங்களே பயிற்சிக்குப் பயன்படுகின்றன. நோயின் வகையை அறிய அவை உதவும். முன்கூட்டி அறிதல் என்ற பெயரை அவற்றுக்குச் சூட்டுவதில் தயக்கம் வேண்டும்.

கண்காணிப்புப் பாத்தி

மேற்கூறிய கணக்கிலிருந்து விடுபட ஒரு வழி, நோய் எளிதில் பற்றும் செடியை நோய் முதலில் வந்திறங்கும் இடத்தில் நட்டு வைப்பது. கண்காணிப்புப் பாத்தி என்பது இதுவே. ஆக்ரா லோக்கல் போன்ற எதிர்ப்புத்திறன் அற்ற பழைய வகையும், வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்களைக் கொண்ட வகைகளும், அவ்வட்டாரத்தில் பயிராகும் வகைகளும் குறுகிய வரிசைகளாக அருகருகே விதைக்கப்படும். இத்தகைய பாத்திகள் இந்தியாவில் பல மாநிலங்களிலும், அண்டை நாடுகளிலும் ஒரே வகைத் தொகுதியுடன் அமைக்கப்படுகின்றன.

பாத்தியில் குறிக்கப்படுவன மூன்று: துரு தோன்றிய நாள், அதன் கடுமை, செடி காட்டும் எதிர்வினை. கடுமையைக் குறிக்கத் திருத்திய காப் அளவுகோல் பயன்படுகிறது. இலைப்பரப்பில் 37 விழுக்காடு கொப்புளங்களால் மூடப்பட்ட நிலையே இவ்வளவுகோலில் 100 எனப்படும். ஏனெனில் அதற்கு மேல் கொப்புளங்கள் நெருங்க இடமில்லை. இதனை அறியாதவர் களப்பதிவேட்டில் 40 என்ற எண்ணைக் கண்டு இலையில் ஐந்தில் இரண்டு பங்கு அழிந்ததாகப் பொருள் கொள்வதுண்டு. வேளாண்மை சாராத துறையினர் இத்தரவுகளைக் கையாளும்போது இதனை மனத்தில் கொள்ளுதல் நலம்.

பாத்தி ஓரிடத்தில் நிற்பது. அதன் குறையை ஈடுசெய்வது ஊர்திவழிக் கள ஆய்வு. குறித்த சாலைகள் வழியே குறித்த தொலைவுக்கு ஒருமுறை இறங்கி, வயலுக்குள் நடந்து பார்ப்பர். நோயுற்ற இலைகள் மெல்லிய தாள் உறைகளில் இடப்பட்டுச் சிம்லாவின் ஃபிளவர்டேல் ஆய்வகத்துக்குச் செல்கின்றன. மேத்தாவின் பணியோடு தொடர்புடைய அவ்வாய்வகம் இன்று கர்னாலில் உள்ள இந்தியக் கோதுமை மற்றும் பார்லி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் அங்கம்.

துரு வந்ததா, எந்தத் துரு வந்தது?

கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் தண்டுத் துரு பல உள்ளினங்களைக் கொண்டது. ஓர் உள்ளினத்தைத் தடுக்கும் மரபணு மற்றொன்றின் முன் பயனற்றுப் போகலாம். தேர்ந்தெடுத்த கோதுமை வகைகளின் நாற்றுகள்மேல் மாதிரியைத் தூவி, எவை நோயுறுகின்றன, எவை தாங்குகின்றன என்று பார்த்து உள்ளினத்தை அறிவர். மெதுவான முறைதான், முடிவு தெரிய வாரங்கள் ஆகும். மரபுக்கூற்றை வயலருகிலேயே படிக்கும் கையடக்கக் கருவி எத்தியோப்பியாவில் மஞ்சள் துருவுக்குப் பயன்பட்டு, இக்காலத்தைச் சில நாள்களாகக் குறைத்துள்ளது. காற்றில் வித்துகளைப் பிடிக்க 1952இல் ஹெர்ஸ்ட் வடிவமைத்த உறிஞ்சு கருவி இன்றளவும் பயன்பட்டாலும், நுண்ணோக்கியின் கீழ் வித்து உயிருள்ளதா, எந்த உள்ளினத்தைச் சேர்ந்தது என்பவற்றை அது சொல்வதில்லை.

உள்ளினம் அறிவதன் இன்றியமையாமையை யூஜி 99 உணர்த்தியது. 1998இல் உகாண்டாவில் சேகரிக்கப்பட்டு அடுத்த ஆண்டில் அடையாளம் பெற்ற இத்தண்டுத் துரு உள்ளினம், எஸ்ஆர் 31 என்னும் எதிர்ப்பு மரபணுவை வென்றது. ரை தானியத்திலிருந்து கோதுமைக்கு வந்த அம்மரபணுவையே உலகின் பெரும்பரப்பு நம்பியிருந்தது. வட இந்தியாவில் பெருமளவு பயிரான பி.பி.டபிள்யூ. 343 வகையும் அவற்றுள் ஒன்று. 2006இல் ஏமனிலும் 2007இல் ஈரானிலும் அவ்வினம் காணப்பட்டது. உகாண்டாவிலும் கென்யாவிலும் அதை அறிந்தவுடன், இந்திய வகைகள் கென்யாவின் நிஜோரோவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே சோதிக்கப்பட்டன. நோய் வருமுன் அது இருக்குமிடத்துக்குப் பயிரை அனுப்பிப் பார்ப்பதும் முன்கூட்டி அறிதலின் ஒரு வடிவமே.

ஆயினும் பி.பி.டபிள்யூ. 343ஐ வீழ்த்தியது யூஜி 99 அன்று. 2000க்குப் பின் இந்தியாவிலேயே பரவிய மஞ்சள் துருவின் புதிய உள்ளினம். எல்லோரும் மேற்கே நோக்கியிருக்க, இடர் வடக்கிலிருந்து வந்தது.

மஞ்சள் துரு: அண்மையில் உள்ள மூலம்

மஞ்சள் துருவின் உறைவிடமாகிய இமயம் பஞ்சாப், அரியானா வயல்களுக்கு அருகிலேயே உள்ளது. எனவே புயலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் மலையடிவார மாவட்டங்களில் நோய் முதலில் தலைகாட்டுகிறது. மார்கழி இறுதியிலிருந்து அங்கே, குறிப்பாக மரநிழல் படும் ஈரமான வயல்களில், பயிர் வட்டத் திட்டுகளாக மஞ்சளாகிறதா என்று பார்க்குமாறு அறிவுறுத்துவர். தழைச்சத்துக் குறைவிலும் இலை மஞ்சளாகும். விரலால் தேய்த்தால் மஞ்சள் பொடி ஒட்டுவது துருவில் மட்டுமே. இச்சோதனைக்கு எக்கருவியும் வேண்டியதில்லை. திட்டு கண்ட அளவில் புரோபிகோனசோல் 25 இ.சி. மருந்தை 0.1 விழுக்காட்டுக் கரைசலாகத் தெளித்து, அங்கேயே அதை ஒடுக்க முடியும். நோய் வயல் முழுதும் படர்ந்தபின் அதே மருந்துக்குச் செலவு கூடும், பயன் குறையும்.

காற்றின் வழி வராத நோய்

இதுவரை கூறிய அனைத்தும் நோய் இயற்கை வகுத்த வழியிலேயே வரும் என்னும் நம்பிக்கையில் நிற்பவை. 2016 பிப்ரவரியில் அந்நம்பிக்கை உடைந்தது. வங்கதேசத்தின் எட்டு மாவட்டங்களில் ஏறத்தாழ 15,000 எக்டேர் கோதுமையில் கதிர்கள் மணி பிடிக்காமல் வெளுத்தன. நெல்லில் நாம் அறிந்த குலை நோயை உண்டாக்கும் பூசண இனத்தின் மற்றொரு கிளையே காரணம். 1985இல் பிரேசிலின் பரனா மாநிலத்தில் முதன்முதல் கண்டறியப்பட்ட அந்நோய் அதுவரை ஆசியாவில் பதிவானதில்லை. மரபுக்கூற்று ஒப்பீடு, வங்கதேச மாதிரிகள் தென் அமெரிக்கக் கிளையைச் சார்ந்தவை என்று காட்டிற்று. அவ்வளவு தொலைவை அப்பூசணம் காற்றில் கடந்தது என்பதைவிடத் தானிய வாணிகத்தோடு வந்தது என்பதே பொருந்தும்.

கோதுமைக்கென அமைந்த கண்காணிப்புப் பாத்திகள் துருவை நோக்கி நின்றவை. காற்று வழியை அறிந்து அமைக்கப்பட்டவை. குலை நோயின் அறிகுறி கதிரில் தெளிவாகத் தெரியும் வேளையில் மருந்துக்கு வேலையில்லை. எனவே மேற்கு வங்கத்தில் மூர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களிலும் எல்லையோரப் பகுதியிலும் கோதுமை விதைப்புக்கே தடை விதிக்கப்பட்டது. மேத்தா மலை உழவரிடம் எதிர்பார்த்ததை இம்முறை எல்லையோர உழவர் செய்ய நேர்ந்தது. நோயை முன்கூட்டி அறிய இயலாத இடத்தில் அதன் விலையை அவ்விடத்துச் சிறு உழவரே செலுத்துகின்றனர்.

இந்நோய்க்கான கண்காணிப்பு வயலில் தொடங்குவதினும் முன்னதாக, துறைமுகத்தில் வந்திறங்கும் தானியத்திலும் விதைக்கென ஒதுக்கப்படும் மூட்டையிலும் தொடங்க வேண்டும். வயலில் எனின், வெளுத்த கதிரை எதிர்பாராமல், கதிர் வருமுன்னரே அடி இலைகளிலும் வரப்போரப் புற்களிலும் கண் வடிவப் புள்ளிகளைத் தேட வேண்டும். நெல்லின் குலை நோய்ப் புள்ளியைக் கண்டு பழகிய காவிரிப் படுகை உழவர் ஒருவருக்கு அப்புள்ளி புதிதாகத் தோன்றாது.